பலகைக்குப் பின்னால்: வெளிச்சுவர் க்ளாடிங் குறித்து வாசகர் கேள்வி – பதில்

வெளிச்சுவரில் பொருத்தும் க்ளாடிங் பலகைகளைப் பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடத்தின் முகப்பில் ஏ.சி.பி. ஷீட் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நண்பகலிலும் பொழுது சாய்ந்த பிறகும் சுவரிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கிறது. மேற்குப் பக்கத்துப் பலகைகள் நடுவில் உப்பியிருக்கின்றன. ஷீட்டின் இயல்பே அப்படித்தான் என்கிறார் ஒப்பந்ததாரர். அது சரியா?

பதில்: வெயிலில் விரிவதும் இரவில் சுருங்குவதும் அந்த ஷீட்டின் இயல்பு. உப்புவதும் சத்தம் எழுப்புவதும் அதைப் பொருத்திய முறையின் விளைவு. ஒப்பந்ததாரர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஓர் உள்ளீட்டை வைத்து ஒட்டியதுதான் ஏ.சி.பி. (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட். ஒரு மீட்டர் நீளமுள்ள ஷீட், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 0.024 மி.மீ. நீளும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஆனால் காலையில் 25 டிகிரியில் பொருத்திய 2.4 மீட்டர் நீளமுள்ள அடர்நிறப் பலகை, மேற்கு வெயிலில் 75 டிகிரிவரை சூடேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 3 மி.மீ. நீண்டாக வேண்டும். அதன் இரு முனைகளையும் இம்மியும் அசையாதபடி இறுகப் பிடித்திருந்தால், அந்த 3 மி.மீ. போக்கிடமின்றிப் பலகையை வெளிப்பக்கமாக வளைக்கும். கணக்குப்படி நடுப்பகுதி 50 மி.மீ. அளவுக்கு வெளியே வர வேண்டும். திருகு சற்று நெகிழ்ந்தும் துளை சற்று அகன்றும் கொடுப்பதால்தான் நடைமுறையில் அந்த அளவுக்கு உப்புவதில்லை. பலகை தன் பிடியை மீறி ஒரு கணத்தில் நழுவும் ஓசைதான் உங்களுக்குக் கேட்கும் ‘டக்’.

இதேபோன்ற புகாருக்காக ஒரு முறை சாரத்தில் ஏறி ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். திருகு புகுந்திருந்த வட்டத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து போயிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றிலும் கரித்தூள்போல ஒரு கறுப்புப் பொடி படிந்திருந்தது. அலுமினியம் அலுமினியத்தோடு ஓயாமல் உரசி உதிர்ந்த தூள் அது. பொருத்தியவர் விடாத இடத்தை அந்தப் பலகை இரண்டு ஆண்டுகளாகத் தானே அரைத்து உண்டாக்கிக்கொண்டிருந்தது.

சரியான முறையில், ஒவ்வொரு பலகையும் ஒரே ஓர் இடத்தில்தான் அசையாமல் பிடிக்கப்படும். மற்ற பிடிப்புகள் எல்லாம் நீள்துளைகளில் அமைந்து, திருகு துளையின் நடுவில் நிற்கும். பலகை அந்த நிலைப்புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் நகர்ந்து, மீண்டும் வந்து சேரும். பின்னால் உள்ள தாங்கு சட்டமும் ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குத் தொடர்ச்சியாகப் போகாமல், ஒவ்வொரு தளத்திலும் இடைவெளி விட்டு நிற்க வேண்டும்.

இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இணைப்பின் அகலத்தையும் இந்தக் கணக்கிலிருந்துதான் பெற வேண்டும். தன் அகலத்தில் கால் பங்கு மட்டுமே நீளவும் சுருங்கவும் கூடிய சிலிகான் சீலன்ட் (இணைப்பை அடைக்கும் ரப்பர் போன்ற பசை), 3 மி.மீ. அசைவைத் தாங்க வேண்டுமானால் இணைப்பு 12 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும் என்று அதை 5 மி.மீ. ஆகக் குறைத்தால், சீலன்ட் முதல் கோடையிலேயே நசுங்கி, முதல் குளிர்காலத்தில் பிய்ந்துவிடும். சீலன்ட் இரண்டு பக்கவாட்டு விளிம்புகளில் மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். அடியில் மூன்றாவதாக ஒட்டிக்கொண்டால் அதனால் நீள முடியாது. அதற்காகத்தான் முதலில் நுரைக்கயிற்றை, அதாவது பேக்கர் ராடை உள்ளே செலுத்திவிட்டு, அதன்மேல் அகலத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் சீலன்ட் இடுகிறோம்.

உங்கள் கட்டடத்தில் எல்லாவற்றையும் பிரித்துப்போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. மிகுதியாக வெயில் படும் மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, பலகைகளைக் கழற்றி, பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் சிறு தகட்டுக் காதுகளின் துளைகளை நீள்துளைகளாக்கி, அதே பலகைகளை மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள். அப்போது மடிப்பு விளிம்புகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கள். ஷீட்டை மடிப்பதற்கு முன் பின்புறத்தில் ரௌட்டரால் பள்ளம் வெட்டும்போது, முன்தகட்டோடு 0.3 மி.மீ. அளவுக்கு உள்ளீட்டையும் சேர்த்து விட்டுவைக்க வேண்டும். ஆழக் கட்டுப்பாடு இல்லாத கை கிரைண்டரால் கீறியிருந்தால் கத்தி முன்தகட்டையே தொட்டிருக்கும். மடிப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு தென்படும் பலகையை மீண்டும் ஏற்றாதீர்கள். காற்று இழுக்கும்போது அது அந்த வரியில்தான் கிழியும்.

கேள்வி: க்ளாடிங் போட்ட பிறகுதான் வீட்டின் உட்சுவரில் ஓதம் காணத் தொடங்கியது. எல்லா இணைப்புகளும் சீலன்ட்டால் முழுமையாக அடைக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு முறை சீலன்ட் பூசினால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் ‘முழுமையாக’ என்ற ஒரு சொல்தான் என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது.

பலகையை மழைக்கான கடைசி அரணாக நினைப்பது இந்தத் துறையில் பரவலாக இருக்கும் பிழை. பலகை மழையின் வேகத்தை உடைக்கும், வெயிலைத் தடுக்கும். அதையும் மீறிக் கொஞ்சம் நீர் உள்ளே வரத்தான் செய்யும். காற்று வீசும்போது வெளியே அழுத்தம் கூடி உள்ளே குறைவாக இருப்பதால், ஊசித்துளை அளவுக்குச் சீலன்ட் விட்டிருந்தாலும் அந்த அழுத்த வேறுபாடு நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அப்படி வந்த நீர் பலகையின் பின்புறத்தில் வழிந்து இறங்கி அடியில் வெளியேற வேண்டும். எஞ்சிய ஈரத்தைக் காற்று உலர்த்த வேண்டும். இதற்காகத்தான் பலகைக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளி விட்டு, அடியிலும் உச்சியிலும் பூச்சி புகாத வலையோடு திறப்புகள் வைக்கிறோம். அடித்திறப்பையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே வந்த நீருக்கு உங்கள் சுவரைத் தவிரப் போக்கிடம் இல்லை. மேலும் மேலும் சீலன்ட் பூசுவது ஓட்டைக் குடத்தின் வாயை அடைப்பது போன்றது.

ஆகவே முதல் வேலையாக, மிகக் கீழ் வரிசைப் பலகைகளின் அடிவிளிம்பில் உள்ள சீலன்ட்டை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். நீர் வடிந்தாலோ, பூசண வாடை வந்தாலோ உங்கள் ஐயம் உறுதியாகிவிடும். அதன் பிறகு, நீர் எங்கே நுழைகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் குழாயால் நீர் தெளித்துச் சோதிப்பதே நல்ல வழி. ஆனால் அதைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். முதலில் அடிப்பகுதியில் பதினைந்து நிமிடம், பிறகு ஜன்னலின் கீழ்ச்சட்டம், பிறகு பக்கவாட்டு, பிறகு ஜன்னலின் மேல்விளிம்பு, இறுதியில் கைப்பிடிச் சுவரின் உச்சி. உள்ளே ஒருவர் கைவிளக்கோடு நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடங்களையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எந்த இடம் குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

என் அனுபவத்தில் பெரும்பாலான கசிவுகள் ஜன்னலின் மேல்விளிம்பிலும், சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் துளைகளிலும், கைப்பிடிச் சுவரின் தலைப்பிலும்தான் இருக்கின்றன. ஜன்னலுக்கு மேலே பிளாஷிங் தகடு, அதாவது நீரை வெளியே திருப்பிவிடும் மடிப்புத் தகடு, சுவரின் நீர்காப்புப் படலத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருக்க வேண்டும். முன்னால் ஒட்டப்பட்டிருந்தால் நீரை அதுவே உள்ளே வழிநடத்தும். ஓடு வேய்பவர் மேல் ஓட்டைக் கீழ் ஓட்டின் மீது படிய வைப்பதுபோல், சுவரில் எல்லாப் படலங்களும் மேலது கீழதன் மீது படிய வேண்டும்.

பழைய சுவரில் வெடிப்பு இருக்கும்போதே, ‘பலகை மறைத்துவிடும்’ என்று அதன்மேல் க்ளாடிங் போடுவதையும் பார்க்கிறேன். பலகை வெடிப்பை மறைக்கும், நீரிடமிருந்து மறைக்காது. வெடிப்பை அடைத்து, சுவரை உலரவிட்டு, அதன் பிறகே முதல் ஆங்கரைத் துளையிட வேண்டும்.

கேள்வி: ஒரே நிறத்தில்தான் ஷீட் வாங்கினோம். காலையில் ஒன்றுபோலத் தெரிகிறது. மாலை வெயிலில் நான்கு பலகைகள் மட்டும் வேறு நிறமாகத் தெரிகின்றன. ஏன்?

பதில்: மெட்டாலிக் நிறமாக இருந்தால், அந்த நான்கும் திசை மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கும். பாதுகாப்புப் படலத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறிகள் எல்லாப் பலகைகளிலும் ஒரே திசையை நோக்க வேண்டும். பூச்சிலுள்ள உலோகத் துகள்கள் உருளையின் ஓட்டத்தோடு படிந்திருப்பதால், திருப்பி வைத்த பலகை சாய்ந்த ஒளியை வேறு விதமாகத் திருப்பி அனுப்பும். இன்னொரு காரணம், அவை வேறு தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்கலாம். இரண்டுக்குமே மேலே பெயின்ட் அடிப்பது தீர்வாகாது. பலகையை மாற்றுவதே வழி. அந்தப் படலத்தையும் பொருத்திய பிறகு மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். வெயிலில் அதன் பசை வெந்து பூச்சோடு ஒட்டிக்கொண்டால், உரிப்பது பெரும்பாடு.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் முன்பே ஏ.சி.பி. பொருத்தியிருக்கிறார்கள். லண்டன் தீ விபத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து குடியிருப்போர் அஞ்சுகிறார்கள். எங்கள் ஷீட் எந்த வகை என்று எப்படி அறிவது? சங்கத்தின் செயலர் என்ற முறையில் கேட்கிறேன்.

பதில்: அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தின் நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் தொடங்கிய தீ, வெளிச்சுவரின் வழியே ஏறி 72 உயிர்களைக் கொண்டுபோனது. சுவரில் தீ அவ்வாறு பரவியதற்கு, பாலிஎதிலீன் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகைகளே முதன்மைக் காரணம் என்று 2019இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. மெல்போர்னில் 2014 நவம்பரில் லாக்ரோஸ் கட்டடத்திலும், துபாயில் 2015 டிசம்பர் 31 இரவு அட்ரஸ் டவுன்டவுன் ஹோட்டலிலும் இதே விதமாகத் தீ வெளிச்சுவரில் ஏறியிருந்தது. எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தன என்பதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பாலிஎதிலீன் எரிந்தால் எடைக்கு எடை பெட்ரோலுக்கு நிகரான வெப்பத்தை வெளியிடும். 4 மி.மீ. ஷீட்டில் உள்ளீடு மட்டும் 3 மி.மீ. என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் அந்தப் பிளாஸ்டிக் இருக்கிறது. கனிமம் கலந்த எஃப்.ஆர். (தீயை எதிர்க்கும்) வகையில் இது வெகுவாகக் குறையும். ஏ2 வகையில் எரியக்கூடிய பொருள் மிகச் சிறிதளவே இருக்கும்.

உள்ளீட்டின் நிறத்தைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. சாம்பல் நிறத்திலும் பாலிஎதிலீன் வருகிறது. தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரையும் நம்பாதீர்கள். கண்ணில் படாத சில இடங்களில், கட்டடத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சிறு மாதிரிகளை வெட்டி எடுத்து, எரிவெப்ப அளவையும் எரித்தபின் எஞ்சும் கனிமச் சாம்பலின் அளவையும் ஆய்வகத்தில் கண்டறியச் சொல்லுங்கள். பலகையின் பின்புறத்தில் தயாரிப்பு முத்திரை இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். ஒரு மாதிரி போதாது. ஒரே கட்டடத்தில் இரண்டு வகை ஷீட் கலந்திருப்பது உண்டு.

மாதிரி எடுக்கும்போதே இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பலகைக்குப் பின்னால் வெப்பக்காப்பு இருந்தால் அது எது என்பது. கனிமக் கம்பளி எரியாது, நுரைப் பலகைகள் எரியும். மற்றொன்று, ஒவ்வொரு தளத்திலும் ஜன்னல்களைச் சுற்றியும் தீத்தடுப்புப் பட்டைகள் இருக்கின்றனவா என்பது. மழைநீர் வடிய வேண்டும் என்று நாம் விடும் அதே காற்றிடைவெளி, தீயின்போது புகைபோக்கியாகிவிடும். ஒடுங்கிய இடைவெளியில் சுடர் திறந்த வெளியில் இருப்பதைவிட ஐந்து முதல் பத்து மடங்குவரை நீளக்கூடும். வெப்பம் பட்டதும் பொங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் பட்டைகள் இருக்கின்றன; சாதாரண நாளில் அவை நீருக்கும் காற்றுக்கும் வழிவிடும். அவை இல்லாத இடத்தில், நல்ல ஷீட் இருந்தாலும் பாதுகாப்பு அரைகுறைதான்.

ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் செய்யக் கூடியவையும் உண்டு. சுவரின் அடியில் குப்பை, பழைய மரச்சாமான் எதையும் குவிக்க விடாதீர்கள். அங்கே மின்வாகனங்களைச் சார்ஜ் செய்ய வேண்டாம். பலகைகளுக்கு அருகே வெல்டிங் வேலையைத் தடை செய்யுங்கள். மாடிப்படிகளைத் தடையின்றி வைத்து, எச்சரிக்கை மணி ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறதா என்று இரவிலேயே ஒரு முறை சோதியுங்கள். பாலிஎதிலீன் என்று உறுதியானால், தீப்பாதுகாப்புப் பொறியாளரின் மேற்பார்வையில் கழற்றுவதைத் தவிர வேறு ஆலோசனையை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான்கு மாடி முகப்பு முழுவதற்கும் 20 மி.மீ. வெள்ளைப் பளிங்கு போட விரும்புகிறோம். சிமென்ட் கலவையிலேயே ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

பதில்: கலவையில் ஒட்டுவதும் வேண்டாம், வெளிச்சுவருக்கு மெல்லிய பளிங்கும் வேண்டாம்.

கலவையில் பதித்த கல் சுவரோடு ஒன்றாக இறுகிவிடுகிறது. சுவரும் கல்லும் வெவ்வேறு அளவில் விரியும்போது பிடிப்பு விடுகிறது. கலவையின் உப்பு கல்லின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. தட்டினால் ‘பொத்’ என்று ஒலிக்கும் கல் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. உயரத்தில் போகும் கல், துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளில் தனித்தனியாகத் தாங்கப்பட்டு நிற்க வேண்டும். அந்த எடை ஒவ்வொரு தளத்திலும் கட்டடத்துக்குள் இறங்க வேண்டும்.

பளிங்கைப் பொறுத்தவரை உலகமே பார்த்த பாடங்கள் இரண்டு உண்டு. சிகாகோவில் 1973இல் முடிந்த 83 மாடி ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டடத்தில் சுமார் 32 மி.மீ. தடிமனுள்ள கராரா பளிங்கைப் போர்த்தினார்கள். பலகைகள் வில்லாக வளைந்து வலுவிழந்ததால், 1990 முதல் 1992 வரை ஏறத்தாழ 43,000 பலகைகளையும் கழற்றி, தடித்த வெள்ளைக் கிரானைட்டைப் பொருத்தினார்கள். ஹெல்சின்கியில் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்ட ஃபின்லாந்தியா மண்டபத்திலும் கராரா பளிங்கு வளைந்தது, 1990களின் இறுதியில் மீண்டும் பளிங்கையே மாற்றிப் போட்டார்கள், அதுவும் வளைந்தது. காரணம் கல்லின் உள்ளேயே இருக்கிறது. பளிங்கின் கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து, அதற்குக் குறுக்கான திசையில் சுருங்கும். அடுத்தடுத்த படிகங்கள் ஒன்றையொன்று நெம்ப, பிணைப்பு நெகிழ்ந்து, ஈரமும் சேர்ந்துகொள்ள, பலகை பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை.

வெள்ளை நிறம்தான் வேண்டும் என்றால், 30 மி.மீ.க்குக் குறையாத வெளிர்நிறக் கிரானைட்டைக் கேளுங்கள். கல் இணைப்புகளில் சாதாரண சிலிகான் போட்டால் அதன் எண்ணெய் கல்லுக்குள் ஊறி, விளிம்பு முழுவதும் கருத்த கறை விழும். கறைபடுத்தாத வகையை வாங்கி, மீதக் கல் துண்டில் பூசிச் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

கேள்வி: கடலோரக் கட்டடம். அலுமினியப் பலகைகளில் திருகுகளின் அடியிலிருந்து பழுப்புக் கோடுகள் வழிகின்றன. பலகை துருப்பிடிக்கிறதா?

பதில்: பலகை இல்லை, திருகுகள். அவை துத்தநாகம் பூசிய சாதாரண எஃகாக இருக்கும். உப்புக் காற்றில் அந்தப் பூச்சு விரைவில் கரைந்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றி, 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளை ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷரோடு போடுங்கள். பெரிய அலுமினியப் பரப்பில் சிறிய ஸ்டெயின்லெஸ் திருகு பெரும் தீங்கு செய்யாது. ஆனால் பின்னால் இருக்கும் சட்டம் சாதாரண இரும்பாக இருந்து, அலுமினியம் அதை நேரடியாகத் தொட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் தன்னையே அரித்துக்கொடுக்கும். இரண்டு மூன்று பலகைகளைத் திறந்து சட்டத்தைப் பார்க்காமல், திருகை மட்டும் மாற்றி வேலையை முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஃபைபர் சிமென்ட் பலகைகளின் அடிவிளிம்பு மட்டும் மழைக்காலத்தில் கருத்துப்போகிறது. ஏன்?

பதில்: தளத்தில் வெட்டிய விளிம்புகள் பூச்சில்லாமல் விடப்பட்டு, அவற்றின் வழியே நீர் ஊறுகிறது. பலகையை ஏற்றுவதற்கு முன்பே வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும் அதற்குரிய சீலர் பூச வேண்டும். பலகையின் அடி தரையிலிருந்து 150 மி.மீ. ஆவது உயர்ந்திருக்க வேண்டும். இப்போது உலர்ந்த பருவத்தில் அடிவிளிம்புக்கு மட்டும் பூசினாலும் ஓரளவு நின்றுவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பலகையை வேகமாகச் சுழலும் வட்டக் கத்தியால் உலரவே வெட்டும்போது எழும் தூளில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்புவதில்லை. வெட்டுபவர் வாயில் துண்டைக் கட்டியிருந்தால் போதாது. தூசி உறிஞ்சும் கருவியோடு வெட்டச் சொல்லி, தகுந்த முகமூடியும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பலகைகளை எப்படிக் கழுவுவது? செங்கல் சுவரைத் துடைக்கும் அமிலக் கரைசலைப் பயன்படுத்தலாமா?

பதில்: அமிலமும் காரமும் பூச்சைக் கெடுக்கும். அருகே கட்டட வேலை நடந்து சிமென்ட் பால் பலகையில் தெறித்தால்கூட, உலர்வதற்குள் கழுவிவிட வேண்டும். சிமென்ட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். மென்மையான சோப்புக் கரைசல், மெல்லிய துணி, நிறைய நீர் ஆகியவையே போதும். வெயில் சுடும் வேளையில் கழுவாதீர்கள். கரைசல் காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். உயர் அழுத்தக் குழாயை இணைப்புகளுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். மழை தானாகக் கழுவாத இடங்களை, அதாவது ஜன்னல் மேல்விளிம்பின் அடிப்பக்கத்தையும் தாழ்வாரத்தின் உட்புறத்தையும், மறவாமல் கழுவுங்கள். உப்பும் புகைக்கரியும் அங்கேதான் தங்கும்.

கழுவி உலர்ந்த பிறகு, கறுப்புத் துணியைப் பலகைமேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் பலகையின் நிறத்திலோ வெள்ளையாகவோ தூள் ஒட்டினால் பூச்சு சுண்ணாம்பாக உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிப்புறப் பலகைகளுக்கான பி.வி.டி.எஃப். எனும் ஃப்ளோரின் பாலிமர் பூச்சில் இது மிக மெதுவாகத்தான் நிகழும். சில ஆண்டுகளிலேயே தூள் வந்தால், உள்ளறைக்கு உரிய பாலியெஸ்டர் பூச்சு ஷீட்டை வெளியே போட்டிருக்கிறார்களா என்று வாங்கிய ரசீதை எடுத்துப் பாருங்கள்.